முழங்கால் ஆழத்தில் தொடங்கும் கணக்கு

திருவான்மியூரிலிருந்து தெற்கே மாமல்லபுரம் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடல் பக்கம் திரும்பும் கிளைச்சாலைகள் பலவற்றின் முனையில் ஏதேனும் ஒரு ரிசார்ட்டின் பெயர்ப்பலகை நிற்கிறது. அவற்றுள் சில, கடலோடு நீர்ப்பூங்காவும் உண்டு என்பதையே விளம்பரத்தின் முதல் வரியாக வைத்திருக்கின்றன. குழந்தைகளோடு இரண்டு நாள் தங்கிவரப் புறப்படும் குடும்பம் இங்கே ஒரே நாளில் இரு வேறு நீர்களில் இறங்குகிறது. ஒன்று வங்கக் கடலின் நீர். அது யாருடைய ஆணைக்கும் கட்டுப்படாதது, அதன் ஆழமும் இழுப்பும் பருவத்துக்குப் பருவம் மாறுபவை. மற்றொன்று எந்திரத்தால் இறைத்து, வடிகட்டி, மருந்திட்டு, குறித்த நேரத்தில் ஓடவும் நிற்கவும் செய்யப்படும் நீர்; அதில் நேரும் நன்மை தீமை இரண்டுக்கும் பொறுப்பேற்க ஆள் உண்டு. ஒன்றில் பழகிய துணிச்சல் மற்றொன்றில் செல்லாது என்பதால், சறுக்குகளின் எண்ணிக்கையையும் உயரத்தையும் வைத்து ரிசார்ட்டைத் தேர்ந்தெடுப்பது தலைகீழான முறையாகும். ஓர் இடம் தன்னிடமுள்ள மிக ஆழங்குறைந்த நீரை, அதாவது சின்னஞ்சிறு பிள்ளைகள் தவழ்ந்து விளையாடும் முழங்கால் அளவு நீரை, எவ்வளவு அக்கறையோடு வைத்திருக்கிறது என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கினால், மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

நீர்ப்பூங்கா என்ற அமைப்புக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் ஜார்ஜ் மில்லே என்பவர் 1977இல் திறந்த ‘வெட் அண்ட் வைல்ட்’ என்ற பூங்காவையே இந்த வகையின் தொடக்கமாகப் பலரும் கொள்கின்றனர். ‘சீ வேர்ல்ட்’ என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தை நிறுவியவர்களுள் ஒருவரும் அவரே. தமிழ்நாட்டில் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா 1995இல் வந்தபோது, கோடை விடுமுறைக்கு உறவினர் வீட்டைத் தவிர வேறு போக்கிடம் அறியாத நடுத்தரக் குடும்பங்களுக்கு அலைக்குளமும் நீர்ச்சறுக்கும் அறிமுகமாயின. ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி.யும், முட்டுக்காட்டுப் பகுதியில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டும் கேளிக்கை ராட்டினங்களோடு நீர் விளையாட்டையும் கடற்கரையின் அருகே கொண்டுவந்தன. இன்று ‘நீர்ப்பூங்காவுடன் கூடிய ரிசார்ட்’ என்ற சொற்றொடருக்குள் மூன்று வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன: ஒரே மதிலுக்குள் இரண்டும் அமைந்திருப்பது, அதே நிறுவனத்தின் பூங்கா பக்கத்து வளாகத்தில் இருப்பது, காரில் அரைமணி தூரத்திலுள்ள பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தருவது. நீச்சல்குளத்தின் ஓரத்தில் இரண்டு ஃபைபர் சறுக்கும், தகரக் கொட்டகையில் நாலு பூவாளிக் குழாயும் வைத்துவிட்டு அதற்கு ‘ரெயின் டான்ஸ்’ என்று பெயரிட்டு, மொத்தத்தையும் நீர்ப்பூங்கா என்று எழுதுவதும் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு அதுவே போதும் என்பது வேறு செய்தி.

கடலைப் பற்றிய விளம்பரச் சொற்களுள் முதலில் ஐயப்பட வேண்டியது ‘தனியார் கடற்கரை’ என்பதாகும். ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இடைப்பட்ட கரை இந்தியாவில் பொதுவுடைமையான நிலம். கடலோரத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்பதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 முதல் வரையறுத்து வருகிறது. ரிசார்ட்டுக்கு உரியதெல்லாம் கரைக்கு இறங்கும் ஒரு வாயில் மட்டுமே. வாயிலுக்கு அப்பால் வலை உலர்த்தும் மீனவருக்கும், காலை நடை போகும் ஊராருக்கும், அறை எடுத்துத் தங்கியவருக்கும் ஒரே உரிமைதான். இதில் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை, ஆனால் இதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வாயிலின் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பலகை இருக்கும். கடலில் இறங்குவது விருந்தினரின் சொந்தப் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். குளத்துக்கு உயிர்காப்பாளர் வைத்துள்ள அதே நிர்வாகம் கடலுக்கு ஆள் வைத்திருக்கிறதா, வைத்திருந்தால் எத்தனை மணி வரை என்பதை முன்பதிவுக்கு முன்பே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சோழமண்டலக் கரையின் இயல்பும் அறியத்தக்கது. இங்கே அலைகள் பல இடங்களில் கரையை ஒட்டியே மடிந்து உடைகின்றன, மணற்சரிவும் பல இடங்களில் செங்குத்தாக இருக்கிறது. ஆகவே முழங்கால் அளவில் நிற்பவர் நாலு எட்டு வைத்தால் இடுப்பளவைத் தாண்டிவிடக்கூடும். தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் கரையோரமாக நகர்கிறது. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதன் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இந்த நகர்வு தடைப்பட்டதன் விளைவுகளே. கரையில் எங்கே தடுப்புச்சுவர் எழுந்தாலும் சிறிய அளவில் இதே கதைதான் நடக்கிறது என்பதால், மூன்றாண்டுக்கு முன் எடுத்த படத்தில் அகன்ற மணற்பரப்பாகத் தெரியும் கரை இன்று கருங்கல் கொட்டிய அரணாக மாறியிருக்கலாம். சமீபத்தில் தங்கியவர்கள் எடுத்த படங்களைப் பார்ப்பது, நிறுவனத்தின் படங்களைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இக்கரையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உயரமான அலை அன்று. அலைகள் கரைமேல் ஏற்றிவிட்ட நீர் கடலுக்குத் திரும்ப வழி தேடும்போது, மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் ஒன்றுகூடி, குறுகிய ஓடைபோலக் கடலை நோக்கிப் பாய்கிறது. இதனை ஆங்கில வழக்கையொட்டி ‘ரிப் கரண்ட்’ என்றும், தமிழில் இழுப்பு நீரோட்டம் என்றும் சொல்லலாம். பள்ளத்தில் ஆழம் கூடுதல் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. சுற்றிலும் வெண்ணுரை பொங்க, நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரிவதைக் கண்டு, குழந்தைகளுக்கு ஏற்ற இடம் அதுதான் என்று குடும்பங்கள் அங்கேயே இறங்குவது இந்த நீரோட்டத்தின் கொடுமை. இதன் வேகம் சாதாரணமாக நொடிக்கு 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். சில வேளைகளில் 2 மீட்டரையும் தாண்டும், அப்போது தேர்ந்த நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த இயலாது. அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடாமல், மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலக வேண்டும் என்பதே உலகெங்கும் கற்பிக்கப்படும் வழி. எட்டு வயதுப் பிள்ளையிடம் இதை எதிர்பார்க்க முடியாது என்பதால், அப்பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையே ஒரு கை எட்டும் தூரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கடல் பொங்குவதுண்டு. தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து கரையை அடைவதை மீனவர்கள் கள்ளக்கடல் என்பர். அறிவிப்பின்றித் திருடனைப் போல வருவதால் அப்பெயர். 2024 மே மாதத்தில் அத்தகைய எச்சரிக்கை நிலவிய ஒரு நாளில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தனர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இவ்வகை எச்சரிக்கைகளைத் தவறாமல் வெளியிடுகிறது. புறப்படும் நாளில் அதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கரையில் கொடி நட்டிருந்தால் அதன் மொழியும் எளிது: மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக உள்ள கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி உயிர்காப்பாளரின் கண்காணிப்பில் இருப்பது, தனிச் சிவப்பு பெரும் ஆபத்தைக் குறிப்பது, இரட்டைச் சிவப்பு இறங்கவே கூடாது என்பது, ஊதா நிறம் சொறிமீன் போன்ற கொட்டும் உயிரினங்கள் வந்திருப்பதைச் சொல்வது.

இந்த நீள்கரையில் முட்டுக்காட்டை அடுத்த கோவளத்துக்கு 2021இல் ‘நீலக்கொடி’ச் சான்று கிடைத்தது. பிரான்சில் 1985இல் தொடங்கி இன்று பல நாடுகளில் வழங்கப்படும் இச்சான்று, நீரின் தூய்மை, கழிப்பறை, உயிர்காப்பாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான வழி முதலிய 33 நிபந்தனைகளைப் பார்த்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்றாகும். சான்று பெற்ற கரை பக்கத்தில் இருக்குமானால், தன் வாயிலெதிரே கடல் சரியில்லாத ரிசார்ட்டையும் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். காலையில் அங்கே போய்வருவது எளிது.

மதிலுக்குள் இருக்கும் நீரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. நீச்சல்குளத்தின் அருகே மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால், மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள், ஆகவே நீர் சுத்தம் என்று நம்புவது பரவலான பிழை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமின் என்ற பொருளே அந்த நெடியையும் கண்ணெரிச்சலையும் தருகிறது. நெடி மிகுந்தால் அழுக்கு மிகுந்திருக்கிறது, கிருமியைக் கொல்லும் குளோரின் செலவாகிக் கொண்டிருக்கிறது என்று பொருள். அவ்வாறு செலவாகாமல் எஞ்சிநிற்கும் செயல்திறனுள்ள பகுதிக்குக் கட்டற்ற குளோரின் என்று பெயர். அது குளத்து நீரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறையாமலும், நீரின் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7.0 முதல் 7.8 வரையிலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையங்களின் வழிகாட்டல். இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. சிறு கண்ணாடிக் குப்பியில் நீரெடுத்து மாத்திரை ஒன்றைக் கரைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும், நிறத்தின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். ஒழுங்காக நடக்கும் பூங்காவில் இந்த அளவுகளை நாளில் பல முறை எடுத்து ஒரு பதிவேட்டில் குறிக்கிறார்கள். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது உரிமையை மீறியது ஆகாது. கேட்டதும் முகம் மாறினால் அதுவும் ஒரு விடையே.

சரியான அளவில் குளோரின் இருக்கும்போது ஈ.கோலி என்ற பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் மடிந்துவிடுகிறது. ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணி அதே நீரில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்க வல்லது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையை, அரைநாள் முன்பே சரியாகிவிட்டது என்று சொல்லிக் குளத்தில் இறக்குவதன் விலையை மற்ற குழந்தைகள் கொடுக்கிறார்கள். ஆழமில்லாத குழந்தைகள் குளத்தில் நீரின் கொள்ளளவு குறைவு, அதில் அமர்ந்திருப்போர் அதிகம், வெயிலில் சூடேறிக் குளோரினும் விரைவில் ஆவியாகிச் சிதைகிறது. அதனால் பெரிய குளத்தைவிடப் பல மடங்கு விரைவாக அந்த நீரை வடிகட்டிக்குள் சுழற்ற வேண்டியிருக்கிறது. ஒரு ரிசார்ட் எங்கே செலவைக் குறைக்க நினைக்கிறதோ, அது முதலில் தெரிவது இந்தச் சின்னக் குளத்தில்தான். காலை பத்து மணிக்குப் பளிங்காகத் தெரிந்த தரை ஓடு, மாலை நான்கு மணிக்கும் கோடு மங்காமல் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். அடியில் உள்ள நீருறிஞ்சித் துளையின் மூடி உடையாமல், திருகாணி கழலாமல் இருக்கிறதா என்பதும் அதே பார்வையில் தெரிந்துவிடும். மூடியற்ற துளை நீரை இழுக்கும் விசையில் முடியோ கையோ சிக்கினால் பெரியவராலும் பிரித்தெடுக்க முடியாது என்பதாலேயே, அமெரிக்காவில் 2007இல் அந்த மூடிக்கென்று தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

இத்தனை நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கேட்பவர் அரிது. கடலோர மணற்பரப்பின் அடியில் நன்னீர் ஒரு வில்லையைப் போல உப்புநீரின் மேல் மிதக்கிறது; கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் கீழே எவ்வளவு உப்பு ஏறும் என்பதை அதே கணக்கு சொல்லிவிடுகிறது. நெம்மேலியில் 2013இல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்க நேர்ந்தது இதே கரையில்தான். ஜெர்மனியின் நீச்சல்குளத் தரவிதி, குளிப்பவர் ஒருவருக்கு 30 லிட்டர் வீதம் புதுநீர் சேர்க்கச் சொல்கிறது. 2,000 பேர் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அது 60,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் ஐந்து. மே மாதக் கத்திரி வெயிலில், ஊர்க்கிணறுகள் வறண்ட நேரத்தில், எல்லாப் பூங்காவும் ஐந்து லாரி நீரை மனமுவந்து சேர்க்கும் என்று எண்ணுவதற்கில்லை. தை பிறந்து பங்குனி வரையிலான வாரநாட்கள் ஒவ்வொரு வகையிலும் மேலானவை: நீர் மிகுதி, கூட்டம் குறைவு, கடலும் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களை வடகிழக்குப் பருவமழைக்கு விட்டுவிடலாம்.

பருத்தி உடையோடு வருபவர்களை வாயிலிலேயே நிறுத்தி, நைலான் உடை வாடகைக்கு எடுக்கச் சொல்வது பல குடும்பங்களில், குறிப்பாகச் சேலையோடும் சுடிதாரோடும் வரும் பெண்களிடையே, மனத்தாங்கலை உண்டாக்குகிறது. இதன் பின்னே காரணம் இல்லாமல் இல்லை. பருத்தி நூலிழைகள் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கின்றன. நனைந்த துணி கனத்து நீந்துபவரைக் கீழே இழுக்கிறது. சறுக்கில் உடலுக்கும் ஃபைபருக்கும் இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் மேல்தான் மனிதர் வழுக்கிச் செல்கின்றனர் என்பதால், முரட்டுத்துணி அந்தப் படலத்தைக் கலைத்து நடுவழியில் நிறுத்திவிடும், பின்னால் வருபவர் வந்து மோதுவார். ஆயினும் முழுக்கை, முழுக்கால் நைலான் உடைகள் எல்லா அளவிலும் துவைத்துக் காய்ந்த நிலையில் கிடைக்கின்றனவா, உடைமாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பவற்றில் நிர்வாகத்தின் மரியாதை தெரியும். வீட்டிலிருந்தே உடை கொண்டுபோவதே நல்லது.

சறுக்குகளைப் பொறுத்தவரை, உயரம் குறிக்கும் கோலின் அருகே நிற்கும் இளைஞரைக் கவனிப்பது நல்லது. நாலடி உயரம் வேண்டிய சறுக்குக்கு மூன்றே முக்கால் அடிப் பிள்ளை அழுதுகொண்டே வரும்போது, தகப்பனாரின் வற்புறுத்தலுக்கு அவர் இணங்குகிறாரா என்பதே அந்தப் பூங்காவின் தரம். 2016இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், உலகிலேயே மிக உயரமானது என்று அன்று பேர்பெற்ற 51 மீட்டர் நீர்ச்சறுக்கில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். பிறகு அச்சறுக்கு இடித்தகற்றப்பட்டது. அலைக்குளத்தில் ஆபத்தின் வடிவம் வேறு. குளத்தின் ஆழமான முனையில் மறைந்திருக்கும் அறைகளுக்குள் காற்றை அழுத்தி நீரைத் தள்ளுவதாலோ, தகடுகளை அசைப்பதாலோ அங்கே அலை எழுப்பப்படுகிறது. சங்கு ஊதியதும் எல்லோரும் கூச்சலிட்டபடி ஆழத்தை நோக்கி ஓடுவதால், மிதவைகளுக்கும் தலைகளுக்கும் இடையே மூழ்கும் ஒரு குழந்தை கண்ணில் படாமல் போகிறது. மூழ்குபவர் கையசைத்துக் கத்துவார் என்பது திரைப்படம் கற்பித்த பாடம். உண்மையில் மூச்சுக்குத் தவிக்கும் வாயிலிருந்து குரல் எழுவதில்லை, ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். ஆபத்தை 10 நொடிக்குள் கண்டு, அடுத்த 20 நொடிக்குள் அடைய வேண்டும் என்று உயிர்காப்பாளருக்குப் பயிற்சி அளிக்கும் முறை ஒன்று உண்டு. உயர்ந்த நாற்காலியில், நிழலில், கைபேசி இல்லாமல், தலையை இடவலமாகத் திருப்பியபடி இருப்பவரால்தான் அது இயலும். காற்றடைத்த கைவளையங்கள் விளையாட்டுப் பொருள்களே. கழுத்தையும் மார்பையும் தாங்கும் உயிர்காப்புச் சட்டை குழந்தை அளவில் இலவசமாகத் தரப்படுகிறதா என்று கேட்க வேண்டும்.

செலவில் ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. ரூ.7,400 அறை வரியோடு ரூ.7,770 ஆக, ரூ.7,600 அறையோ ரூ.8,968 ஆகிவிடுகிறது. பூங்கா நுழைவையும் மூன்று வேளை உணவையும் அறையோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும்போது, எது எந்தப் பக்கம் விழுகிறது என்று பிரித்துக் கேட்டால் ஆயிரம் ரூபாய் மிஞ்சக்கூடும். நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கா, தங்கும் காலம் முழுவதற்குமா, உயரக் கட்டுப்பாட்டால் எந்தச் சறுக்கிலும் ஏற முடியாத பிள்ளைக்கும் முழுக்கட்டணமா என்பவையும் உடன் கேட்கத்தக்கவை.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது ‘பூல் வியூ’ என்ற தரைத்தள அறைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். கதவைத் திறந்தால் நேரே குளம். இளந்தம்பதியருக்கு அது சொர்க்கமாக இருக்கலாம், நடைபழகும் குழந்தையுள்ள குடும்பத்துக்கு அதைவிடத் தவறான அறை இல்லை. மாலை ஆறு மணிக்குச் சீழ்க்கை ஊதி எல்லோரையும் கரையேற்றிய பிறகு உயிர்காப்பாளர் வீட்டுக்குப் போய்விடுகிறார். விளக்கொளியில் மின்னும் நீர் மட்டும் இரவு முழுவதும் அங்கேயே கிடக்கிறது. தோட்டத்தைப் பார்த்த முதல்மாடி அறை விலையும் குறைவு, உறக்கமும் நிம்மதி. குளத்தைச் சுற்றி நாலடிக்குக் குறையாத வேலி இருக்க வேண்டும். அதன் கதவு தானே சாத்திக்கொண்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் தானே தாழிட்டுக்கொள்ளும் வகையில் இருக்க வேண்டும். வந்திறங்கியதும், பெட்டிகளை அறைக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கதவை முழுதாகத் திறந்து கையை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: கடலோர உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்திருந்தால், கதவு பாதியிலேயே நின்றுவிடும்.